சவானா: 4 வயசு வாலு, 9 வயசு கேள்வி, 71 வயசு முழங்கால். மூணு நாளுக்கு என்ன பாக்கலாம்?

ரெட்டைவால்_அம்மா (அட்லாண்டா)

வணக்கம் மக்களே. நவம்பர் ரெண்டாவது வாரம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு நாள் கிடைக்குது. நம்ம ஜார்ஜியாவுலயே கடலோரப் பக்கம் இருக்கிற சவானா போலாம்னு வீட்டுல முடிவாயிடுச்சு. முடிவு பண்ணது வீட்டுக்காரர், திட்டம் போட வேண்டியது நான், வழக்கம்போல.

வர்ற கூட்டம் இது: பையனுக்கு 4, எந்த ஊருக்குப் போனாலும் எதுமேல ஏறலாம்னு மட்டும்தான் பாப்பான். பொண்ணுக்கு 9, எல்லாத்துக்கும் "ஏன்". ஊர்ல இருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்காங்க. மாமாவுக்கு 71, முழங்கால் வலி, மாடிப்படியைப் பாத்தாலே முகம் சுருங்கிடும். கோவில்பட்டிப் பக்கம் நூல் மில்லுல முப்பது வருசம் இருந்தவர். அத்தை சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டாங்க.

இணையத்துல தேடினா பேய் டூர், மதுக்கடை டூர், கல்லறை டூர்னு வருது. இதுல என் குடும்பத்தை எங்க கொண்டுபோய் வைக்க? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

ராத்திரிக்_கோட்டான்

தப்பான ஊரைப் பிடிச்சிருக்கீங்க சகோ. சவானா பேச்சிலர் பார்ட்டிக்காரங்க ஊரு. பழைய நகரப் பகுதியில பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்திக்கிட்டு தெருவுல நடந்துக்கிட்டே குடிக்கலாம், சட்டப்படியே அனுமதி. சனி ராத்திரி ரிவர் ஸ்ட்ரீட்ல உங்க மாமியார் ரெண்டு நிமிசம் நிக்க மாட்டாங்க. பேசாம ஆர்லாண்டோ போங்க.

பீச்மர_நிழல் (அட்லாண்டா)

கோட்டான் சொன்னதுல பாதி உண்மை, அதுவும் ராத்திரி பாதி. நாங்க அஞ்சு தடவை போயிருக்கோம், அதுல மூணு தடவை கைக்குழந்தையோட. பகல் சவானா வேற ஊரு. நீங்க ஞாயித்துக்கிழமை போறதால சனிக்கிழமைக் கூட்டமும் கழிஞ்சிருக்கும். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாளை ஒட்டி மட்டும் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க, ஊரே பச்சை சட்டை போட்டு ஆடும்.

முதல்ல ஊரோட அமைப்பைப் புரிஞ்சிக்கிட்டா மாமாவோட முழங்கால் பிரச்சினை பாதி தீந்துடும். 1733ல ஓக்லதார்ப்னு ஒருத்தர் கப்பல்ல வந்து இறங்கி, காகிதத்துல கோடு போட்ட மாதிரி ஊரைக் கட்டினார். நாலு தெருவுக்கு நடுவுல ஒரு சதுக்கம், அதைச் சுத்தி வீடு, கோயில், கடை. மொத்தம் 24 சதுக்கம் இருந்துச்சு, இப்ப 22 இருக்கு. ஒவ்வொண்ணுலயும் பெரிய ஓக் மரம், நிழல், பெஞ்ச். ரெண்டு தெரு நடந்தா ஒரு பெஞ்ச் வந்துடும். நம்ம ஊர்ல நடைபாதையிலகூட வயசானவங்க உக்கார இடம் கிடையாது. இங்க ஊரே உக்காந்து எந்திரிச்சு நடக்கத்தான் கட்டினது மாதிரி இருக்கும். தரை மட்டம். ஃபார்சைத் பூங்கா வரைக்கும் புல் ஸ்ட்ரீட் வழியா நேரா நடந்தா அஞ்சு சதுக்கம் வரும். பூங்காவுல 1858ல வச்ச வெள்ளை நீரூற்று, அதுக்குத் தெக்கால பசங்க ஏறி விளையாட இடம்.

உங்க வாலுப் பையனுக்கு: ட்ரைசென்டினியல் பூங்கான்னு ஒரு வளாகம். அதுக்குள்ளயே ஜார்ஜியா ரயில் அருங்காட்சியகமும் குழந்தைகள் அருங்காட்சியகமும் ஒட்டி ஒட்டி இருக்கு. ரயில் பட்டறையில எஞ்சினைத் திருப்பி நிறுத்துற வட்ட மேடை இன்னும் வேலை செய்யுது. ஆளை ஏத்திக்கிட்டே சுத்திக் காட்டுவாங்க. அங்க 125 அடி உயரத்துல ஒரு செங்கல் புகைபோக்கி நிக்கும். அதோட அடியைச் சுத்தி வரிசையா சின்னச் சின்ன அறை. என்னன்னு கேட்டா, தொழிலாளிங்க கக்கூஸாம். புகைபோக்கியைச் சுத்தி கக்கூஸ் கட்டின மூளையை நினைச்சு என் பையன் ஒரு வாரம் சிரிச்சான்.

குழந்தைகள் அருங்காட்சியகம் கூரை இல்லாத இடம். பழைய தச்சுப் பட்டறையோட இடிஞ்ச சுவர்களுக்கு நடுவுல சறுக்கு, சிக்குவழி, தண்ணி விளையாட்டெல்லாம் வச்சிருக்காங்க. ஜூலையில போனா வறுபடுவீங்க, நவம்பர்ல சொர்க்கம்.

ஐ-16 நெடுஞ்சாலை பத்தி எச்சரிக்கை: மேக்கன் தாண்டினா 160 மைலுக்கு மேல பைன் மரம், பைன் மரம், பைன் மரம். பாட்டு, புளிச்சாதம், பொறுமை மூணையும் எடுத்து வச்சுக்குங்க.

தயிர்சாதம்

சாப்பாடு என் துறை, வந்துட்டேன்.

அத்தைக்கு ஊர்ச் சாப்பாட்டுல நம்பிக்கையா எதுவும் இல்ல. கீரைன்னு சொல்லி காலர்ட் கீரை தருவாங்க, பன்றிக்கறித் துண்டு போட்டு வேகவச்சிருப்பாங்க. சிவப்புச் சாதம்னு ஒண்ணு, தக்காளிச் சாதம் மாதிரி கண்ணைப் பறிக்கும், உள்ள சாசேஜ். பீன்ஸ்லயும் அதே கதை. வெண்டைக்காய் வறுவல் கிடைக்கும், ஆனா அதே எண்ணெயில இறால் பொரிச்சிருப்பாங்க. கிரிட்ஸ் மட்டும் வெள்ளைச் சோள ரவை, களி மாதிரி இருக்கும். வெண்ணெய் மட்டும் போட்டுக் குடுங்கன்னு கேட்டா அத்தை சாப்பிடலாம், ஒரு ஊறுகாய் பாட்டில் கைவசம் இருந்தா.

நான் எப்பவும் பூலர்லதான் தங்குவேன். விமான நிலையத்துப் பக்கம், ஊருக்குள்ள வர இருபது நிமிசம், ரூம் வாடகை கம்மி, இந்தியக் கடையும் ஓட்டலும் உண்டு. குக்கர் கொண்டுபோறது அவரவர் மனசாட்சி.

வழியில சாலையோரத்துல பாயில்ட் பீனட்ஸ்னு கையால எழுதின அட்டை பாத்தா வண்டியை நிறுத்துங்க. நம்ம அவிச்ச கடலைதான், தோலோட, உப்புத்தண்ணியில மணிக்கணக்கா ஊறினது. காரம் போட்டதும் உண்டு. ஹாம் வாசனை சேர்த்ததும் சில இடத்துல உண்டு, அதனால சாதா உப்புதானான்னு கேட்டு வாங்குங்க.

லியோபோல்ட்ஸ் ஐஸ்கிரீம், 1919ல மூணு கிரேக்கச் சகோதரர்கள் ஆரம்பிச்ச கடை. வரிசை வாசலைத் தாண்டி நிக்கும். நிக்கலாமா வேண்டாமான்னு இந்த இழையிலயே ஒரு சண்டை வரும் பாருங்க.

ராத்திரிக்_கோட்டான்

ஐஸ்கிரீமுக்கு முக்கால் மணி நேரம் நிக்கிறவன் திருப்பதியில ஏன் புலம்புறான்?

தயிர்சாதம்

சண்டை வந்துருச்சு.

ரொறன்ரோ_ராசன்

வணக்கம். நாங்கள் புளோரிடாவுக்கு வாகனத்திலைதான் போறனாங்கள், ஐ-95 பாதையிலை சவானாவிலை ஒரு இரவு நிண்டு போறது வழக்கம். ஒரு விசயம் கட்டாயம் சொல்ல வேணும், ஏனெண்டால் நாங்கள் பட்டுத் தெளிஞ்சது.

ஊர் மேட்டிலை இருக்குது, ஆத்தங்கரைத் தெரு கீழை. இரண்டுக்கும் இடையிலை பழைய கல்லுப்படியள். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும். அப்பா நாலாவது படியிலை சறுக்கி இருந்திட்டார். நல்ல காலம், முழங்கை உரசினதோடை போச்சுது. படிக்குப் பக்கத்திலை "உங்கள் சொந்தப் பொறுப்பில் இறங்கவும்" எண்டு பலகை வேறை, நாங்கள் அதை விழுந்த பிறகுதான் வாசிச்சது.

கீழைத் தெருவும் உருட்டுக்கல்லு. அந்தக் காலத்திலை பாய்க்கப்பல் ஆடாமல் இருக்க அடியிலை பாரத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த கல்லுகளை இங்கை இறக்கிப்போட்டு, அதிலையே தெருவைப் போட்டிருக்கினம். ஸ்ட்ரோலர் தள்ளினால் பிள்ளையின்ரை பல்லு ஆடும். ஐயாவுக்கு நல்ல சப்பாத்து, தம்பியைத் தூக்கிக்கொண்டு போங்கோ.

பூலர்வாசி

இந்த ஊர்க்காரன் பேசுறேன், ஏழு வருசமா இங்கதான் குப்பை கொட்டுறேன்.

ராசன் அண்ணன் சொன்ன படி விசயம் நூத்துக்கு நூறு. ஆனா சிட்டி ஹால் பக்கத்துல பே ஸ்ட்ரீட்ல இருந்து கீழ இறங்க லிஃப்ட் இருக்கு. தங்கக் கூரை போட்ட கட்டடம், எங்க இருந்து பாத்தாலும் தெரியும். அதைத் தேடிப் போங்க, படியைத் தேடாதீங்க. ஊருக்குள்ள சுத்த டாட்னு ஒரு இலவச பஸ்ஸும் ஓடுது.

ரெண்டாவது, காசு குடுக்காம கிடைக்கிற விசயத்தை யாரும் இன்னும் சொல்லல. கப்பல். கார்டன் சிட்டி கன்டெய்னர் முனையம் வட அமெரிக்காவுலயே ஒரே இடத்துல இருக்கிற பெரிய கன்டெய்னர் முனையம், அது ஊரைத் தாண்டி ஆத்து மேல இருக்கு. அதனால கடல்ல இருந்து வர்ற ஒவ்வொரு கப்பலும் ரிவர் ஸ்ட்ரீட் வாசலைத் தொட்டுக்கிட்டுத்தான் போகணும். ஆறு அகலமே இல்ல. ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு இருக்கும்போது எதிர்ல கட்டடம் நகர்ற மாதிரி இருக்கும், நிமிந்து பாத்தா கப்பல். கப்பல் போக்குவரத்தைக் காட்டுற ஆப் ஒண்ணை இறக்கி வச்சுக்குங்க, எப்ப வரும்னு தெரிஞ்சிடும். நாலு வயசுக்கு இதைவிட என்ன வேணும்?

கிழக்கு ஓரத்துல கையில துணியை வீசிக்கிட்டு ஒரு பொண்ணோட சிலை, பக்கத்துல நாய். ஃப்ளாரன்ஸ் மார்ட்டஸ். அண்ணன் கலங்கரை விளக்கக் காவலர், ஆத்து முகத்துல தீவுல தனியா வீடு. 1887ல இருந்து 1931 வரைக்கும், 44 வருசம், வந்த போன கப்பலுக்கெல்லாம் பகல்ல கைக்குட்டையும் ராத்திரியில லாந்தரும் காட்டினாங்க. யாரோ காதலன் திரும்பி வருவான்னு காத்திருந்தாங்கன்னு கைடுகள் கண்ணீர் விட வைப்பாங்க. எனக்கென்னவோ பொழுது போகாம ஆரம்பிச்சு பழக்கமாயிடுச்சுன்னுதான் தோணுது.

அங்க இருந்தும் சிட்டி ஹால்கிட்ட இருந்தும் எதிர்க்கரைக்கு இலவசப் படகு. மூணு நாள்ல பசங்க எத்தனை தடவை ஏறினாலும் காசு இல்ல.

கொசுறு: சேண்ட் நேட்டுன்னு ஒரு பூச்சி, கண்ணுக்கே தெரியாது, கடிச்சா மூணு நாள் சொறியணும். காலையிலயும் சாயங்காலமும் காத்து இல்லாத நேரத்துல வரும். வசந்தமும் இலையுதிர் காலமும் அதுக்கு சீசன், நவம்பர் முதல் பாதியில மிச்சம் இருக்கும். முழுக்கை சட்டை.

கரிசல்

கோவில்பட்டி என்று பார்த்ததும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் மாமாவைக் கட்டாயம் இரண்டு இடங்களுக்கு அழைத்துப் போங்கள். ஒன்று ஆற்றங்கரை, இன்னொன்று புலாஸ்கி கோட்டை.

சவானா பருத்தியால் கொழுத்த ஊர். விதையையும் பஞ்சையும் பிரிக்கும் எந்திரத்தை எலை விட்னி 1793ல் செய்தது இந்த ஊருக்குப் பக்கத்தில் மல்பெரி குரோவ் என்ற தோட்டத்தில்தான். அது வந்த பிறகு பருத்தி விளைச்சல் பெருகியது. அதோடு அடிமைகளின் எண்ணிக்கையும் பெருகியது. எந்திரம் வந்தால் ஆள் வேலை குறையும் என்பார்கள், இங்கே தலைகீழாக நடந்தது. பே ஸ்ட்ரீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஃபாக்டர்ஸ் வாக் என்று ஒரு பள்ளத்துப் பாதை. அதற்கு மேலே தெருவிலிருந்து கட்டடங்களுக்கு இரும்புப் பாலங்கள். ஃபாக்டர் என்றால் பருத்தித் தரகர். கீழே பொதி வண்டிகள் போக, தரகர்கள் மேலிருந்தபடியே சரக்கைப் பார்த்து விலை சொல்வார்களாம். காட்டன் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் இன்னும் நிற்கிறது. மாமா மேல்தட்டிலேயே நடந்து இதையெல்லாம் பார்த்துவிடலாம், படி இறங்கத் தேவையில்லை.

கோட்டை ஊருக்குக் கிழக்கே, டைபீ தீவுக்குப் போகும் வழியில். 1829ல் தொடங்கி 1847ல் முடித்தார்கள். சுமார் 2.5 கோடி செங்கல், ஏழரை அடி தடிமனுள்ள சுவர், சுற்றிலும் அகழி. பீரங்கியால் இதை அசைக்க முடியாது என்றார்கள். டைபீ கரை ஒரு மைலுக்கும் மேல் தள்ளி இருந்தது, அக்காலத்துப் பீரங்கிக் குண்டு அவ்வளவு தூரத்தில் சுவரை உடைக்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்ரல் 10 காலையில், தெற்கு மாநிலங்களின் கையில் இருந்த இந்தக் கோட்டையை வடக்கு மாநிலங்களின் படை புது மாதிரிப் பீரங்கிகளால் அடிக்க ஆரம்பித்தது. குழலுக்குள் திருகு வரி வெட்டியவை, குண்டு சுழன்று நேராகப் போய்க் குத்தும். முப்பது மணி நேரத்தில் மூலைச் சுவர் திறந்துகொண்டது. குண்டுகள் அந்த ஓட்டை வழியே வெடிமருந்துக் கிடங்குப் பக்கம் போக ஆரம்பித்ததும், 25 வயதுத் தளபதி வெள்ளைக்கொடி ஏற்றிவிட்டார். உடைந்த இடத்தைப் பிறகு வேறு நிறச் செங்கல் வைத்து அடைத்தார்கள், ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தனியாகத் தெரியும். சில குண்டுகள் இன்னும் சுவரிலேயே புதைந்து நிற்கின்றன.

கோட்டை விழுந்ததும் சவானாத் துறைமுகம் அடைபட்டது. தெற்குத் துறைமுகங்கள் எல்லாமே அப்போது முற்றுகையில். லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு இல்லை. இங்கிலாந்து வியாபாரிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். பம்பாய்க்கு அடித்தது பெரிய யோகம், ஆனால் நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் விலை ஏறித் தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. 1865ல் போர் முடிந்தது, விலையும் விழுந்தது. இங்கே விழுந்த குண்டுக்கு நம் கரிசல் காட்டில் விலை ஏறியிருக்கிறது. மாமாவிடம் சொல்லுங்கள்.

கோட்டை தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. பிள்ளைகள் ஒரு சின்னப் புத்தகத்தில் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் தருவார்கள். 9 வயதுக்கு அது ஆஸ்கார். கீழ்த்தளம் முழுக்க மாமா நடக்கலாம். மேல்தளத்துக்குப் போகும் படிகள் ராசன் சொன்ன ரகம்தான், அவர் கீழேயே நிற்கட்டும்.

ராத்திரிக்_கோட்டான்

எல்லாம் சரி, ஒம்பது வயசுப் புள்ளைக்கு அடிமைக் கதை, குண்டுக் கதையெல்லாம் எதுக்குங்க? விடுமுறைக்குப் போறாங்க. அழகான வீடு, குதிரை வண்டி, ஐஸ்கிரீம், முடிஞ்சுது. அடிமைகள் வேலை செஞ்ச தோட்டங்களுக்குப் போய் சோகமா நின்னு போட்டோ எடுக்கிறதுல என்ன குடும்பச் சுற்றுலா?

பூலர்வாசி

கோட்டான் அண்ணே, கேள்வி நியாயமானதுதான், நானும் முதல்ல அப்படித்தான் இருந்தேன். என் பொண்ணுக்கு எட்டு வயசா இருக்கும்போது அந்த இலவசப் படகுல போனோம். நாலு படகுக்கும் நாலு பெண்கள் பேரு வச்சிருக்காங்க. பெண் சாரணர் இயக்கத்தை 1912ல இதே ஊர்ல ஆரம்பிச்ச ஜூலியட் கார்டன் லோ, கப்பலுக்குக் கைகாட்டின ஃப்ளாரன்ஸ், ஓக்லதார்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்த மேரி மஸ்குரோவ், நாலாவது சூசி கிங் டெய்லர். அது யாருன்னு பொண்ணு கேட்டா. எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து படிச்சேன்.

அடிமையாப் பிறந்த பொண்ணு. கருப்பினக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தர்றது சட்டப்படி குற்றம்னு இருந்த காலம். சவானாவுல ஒரு அம்மா வீட்டுல ரகசியமாப் பள்ளிக்கூடம். போலீஸ் கண்ணுல படக்கூடாதுன்னு புத்தகத்தைக் காகிதத்துல சுத்தி எடுத்துக்கிட்டு தினம் ஒவ்வொருத்தரா உள்ள போவாங்களாம். கரிசல் சொன்ன அந்தக் கோட்டை விழுந்த ரெண்டு நாள் கழிச்சு, அங்க இருந்த அடிமைகளுக்கு விடுதலைன்னு ஜெனரல் ஹண்டர் உத்தரவு போட்டார். அதே ஏப்ரல்ல இந்தப் பொண்ணும் மாமாவோட தப்பிச்சு வடக்குப் படைக் கப்பல்ல ஏறிடுச்சு. அப்ப வயசு 13. சில வாரத்துல செயின்ட் சைமன்ஸ் தீவுல மத்தக் குழந்தைகளுக்கு டீச்சர்.

புத்தகத்தைக் காகிதத்துல சுத்தின கதை எட்டு வயசுக்குப் புரியாதா? என் பொண்ணு பேய் டூர்ல பயந்துச்சு, இந்தக் கதையில பயப்படல. முன்னால கல்ஹூன் சதுக்கம்னு அடிமைமுறைக்குக் கொடி பிடிச்ச அரசியல்வாதி பேர்ல இருந்த இடத்துக்கு 2023ல நகர மன்றம் இந்தம்மா பேரை வச்சுது, டெய்லர் சதுக்கம். ரிவர் ஸ்ட்ரீட்ல 2002ல வச்ச குடும்பச் சிலையும் இருக்கு. நாலு பேர் கட்டிப் பிடிச்சு நிக்கிறாங்க, காலடியில அறுந்த சங்கிலி. ஃபிராங்க்ளின் சதுக்கத்துல முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் கோயில், அடிமைகள் பகல் வேலை முடிச்சு ராத்திரியில கட்டினதுன்னு சபையில சொல்வாங்க. தரைப் பலகையில வைர வடிவத்துல ஓட்டைகள் இருக்கும். கீழ ஒளிஞ்சிருந்தவங்க மூச்சு விடன்னு அவங்க சொல்ற கதை. டூர் நேரத்தை முன்னாடியே பாத்துக்குங்க, எல்லா நாளும் இருக்காது.

ராத்திரிக்_கோட்டான்

சரி சரி. டீச்சர் கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐஸ்கிரீம் வரிசை விசயத்துல நான் இறங்கி வர மாட்டேன்.

பீச்மர_நிழல் (அட்லாண்டா)

மறந்துட்டேன்: டைபீ கலங்கரை விளக்கம், 178 படி, மாமாவுக்கு இல்ல, உங்களுக்கும் பொண்ணுக்கும். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், திங்கள்லயே முடிச்சிடுங்க. வார்ம்ஸ்லோவுல ஒன்றரை மைல் நீளத்துக்கு ரெண்டு பக்கமும் ஓக் மரம், கார்ல இருந்தே பாக்கலாம்னு நினைச்சு வராதீங்க, இப்ப ட்ராம் வச்சிருக்காங்க. ஓட்லண்ட் தீவுல ஓநாய், காட்டெருமை எல்லாம் இருக்கு, காட்டுக்குள்ள நடை நீளம். மழை வந்தா பூலர்ல எட்டாவது விமானப்படை அருங்காட்சியகம், உள்ள பெரிய பி-17 குண்டுவீச்சு விமானம் நிக்கும்.

நெறியாளர்

ஓட்டல் சிபாரிசுன்னு சொல்லி ஒரே ஓட்டலோட இணைப்பை நாலு பேர் நாலு தடவை போட்டிருந்தீங்க. நாலும் ஒரே கணினியில இருந்து வந்திருக்கு. தூக்கிட்டேன்.

ரெட்டைவால்_அம்மா (அட்லாண்டா)

மக்களே, போய்ட்டு வந்தாச்சு. துணி துவைக்கிற மிஷின் ஓடுற சத்தத்துல எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

முதல் விசயம், ஐ-16ல பைன் மரம் மட்டும்தான்னு சொன்ன பீச்மர அண்ணனுக்கு: மாமாவைக் கூட்டிட்டுப் போனா அப்படி இல்ல. டப்ளின் தாண்டி ஒரு எக்ஸிட்ல டீசல் போட இறங்கினோம். பக்கத்துலயே பருத்திக்காடு, அறுவடை முடியுற நேரம். ரோஸ் கலர் பிளாஸ்டிக் சுத்தி யானை சைஸுக்கு உருளை உருளையாப் பஞ்சுப் பொதி. மாமா முழங்காலை மறந்து ரோட்டோரம் நடந்து போய், காத்துல பறந்து வேலியில சிக்கியிருந்த பஞ்சை எடுத்தார். ரெண்டு கையிலயும் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு மெதுவாப் பிச்சு, திரும்பச் சேத்து, திரும்பப் பிச்சு, கடைசியா நின்ன இழையைச் சட்டைக் கை மேல வச்சுப் பாத்தார். "நீள இழை. நம்ம கம்போடியா இனம்தான். கருங்கண்ணின்னா இதுல முக்கால்தான் இருக்கும்." அதைக் கைக்குட்டையில மடிச்சு வச்சுக்கிட்டார்.

ஃபாக்டர்ஸ் வாக்ல அந்த இரும்புப் பாலத்து மேல ஒரு மணி நேரம் நின்னோம். கரிசல் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். "இந்தத் தரகன்களும் இப்படித்தான் பிச்சுப் பாத்திருப்பானுவ"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் பேசல. கீழ பஞ்சுப் பொதியை எடுத்துட்டு வந்தவங்க யாருன்னு மட்டும் கேட்டார். சொன்னேன்.

லிஃப்ட் கிடைச்சுது, பூலர்வாசிக்குக் கோடி நன்றி. கப்பலும் வந்துச்சு, ரெண்டு. முதல் கப்பல் வந்தப்ப பையன் தின்னுக்கிட்டு இருந்த முறுக்கைக் கீழ போட்டுட்டான். ரெண்டாவது வந்தப்ப அத்தை முந்தானையை எடுத்து வீசினாங்க, சிலை மாதிரியே. மேல தளத்துல யாரோ ஒருத்தர் கை அசைச்சார். ஆள் எறும்பு சைஸ்ல தெரிஞ்சார், இருந்தாலும் அத்தை "நம்ம ஊர்ப் பையனா இருப்பான்"னு முடிவு பண்ணிட்டாங்க.

பொண்ணு ஒரு கேள்வி கேட்டா, எனக்குப் பதில் தெரியல: "அம்மா, காலையில தண்ணி அந்தப் பக்கம் போச்சு, இப்ப இந்தப் பக்கம் போகுது, ஆறு கெட்டுப் போச்சா?" உண்மையிலேயே ஒரு மரக்கிளை எதிர்த் திசையில மிதந்து போய்க்கிட்டு இருந்துச்சு. கடல் ஓதம் உள்ள ஏறினா ஆறே பின்னால ஓடுமாம், படகுக்காரர் சொன்னார். பூலர்வாசி, இதை ஏன் முன்னாடியே சொல்லல?

படகுக் கதை பெரிய கதை. சூசி கிங் டெய்லர் படகுலதான் ஏறுவேன்னு அடம். வந்தது ஜூலியட். அடுத்ததும் ஜூலியட். அன்னிக்கு அந்த ஒரு படகுதான் ஓடுதாம். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு ஏறினா. நடு ஆத்துல பாத்தா, அவிச்ச கடலை வாங்கின காகிதப் பையைக் கிழிச்சு, கையில வச்சிருந்த லைப்ரரி புத்தகத்தைச் சுத்திக்கிட்டு இருக்கா. யாரும் பாக்குறாங்களான்னு ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே. கடலைப் பை முழுக்க உப்புத்தண்ணி. புத்தக அட்டையில இப்ப ஒரு பெரிய கறை, லைப்ரரிக்கு நான்தான் பதில் சொல்லணும்.

புலாஸ்கி கோட்டை எல்லாருக்கும் பிடிச்ச ஒரே இடம். பையன் சுவர் ஓட்டையில கையை விட்டு எடுக்க மாட்டேன்னுட்டான். பொண்ணு பேட்ஜ் வாங்கிட்டா. அங்க ஒரு பழைய போட்டோ, வடக்குப் படை வீரர்கள் வரிசையா நிக்கிறாங்க, பின்னால சிலர் பேஸ்பால் ஆடுறாங்க. பேஸ்பால் எடுத்த போட்டோக்கள்லயே ரொம்பப் பழசுல அதுவும் ஒண்ணாம். வீட்டுக்காரர் மட்டும் அதுக்கு முன்னால இருபது நிமிசம் நின்னார்.

மரத்துல தொங்குற ஸ்பானிஷ் பாசியைப் பாத்து அத்தை "மரத்துக்கெல்லாம் சடை விழுந்துருக்கு"ன்னாங்க. அது பாசியும் இல்ல, ஸ்பெயின்காரனும் இல்ல, அன்னாசி வகையறாவாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமான்னு கேட்டாங்க, பூச்சி இருக்கும்னு தடுத்துட்டேன்.

சொதப்பல்கள்: கோட்டையில நேரம் போனதே தெரியல, கலங்கரை விளக்கத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனோம். ஆமா, பீச்மர அண்ணன் தடித்த எழுத்துல போட்டதைப் படிச்சுட்டும் போனேன். கேட்டுக்கு வெளிய நின்னு போட்டோ. சேண்ட் நேட் கடிச்சு வீட்டுக்காரர் இன்னும் சொறியுறார். ஐஸ்கிரீம் வரிசை 50 நிமிசம். கோட்டானுக்கு ஒரு தகவல்: வரிசையில எனக்கு முன்னால நின்னவர் தமிழ்தான் பேசினார், பேச்சிலர் கூட்டத்தோட, கையில பிளாஸ்டிக் டம்ளர். நீங்க இல்லையே?

ராத்திரிக்_கோட்டான்

வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்.

ரொறன்ரோ_ராசன்

சந்தோசம் தங்கச்சி. ஐயா படியிலை இறங்கேல்லைத்தானே?

ரெட்டைவால்_அம்மா (அட்லாண்டா)

இல்லண்ணா. கடைசி நாள் "சும்மா ரெண்டு படி"ன்னு காலை வச்சார், அத்தை சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க.

கரிசல் அண்ணே, மாமா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு இருக்கார். எட்டயபுரம் ரோட்டுல நீங்க எந்தப் பக்கம்னு கேக்கச் சொன்னார்.

கரிசல்

ரோட்டுக்கு மேற்கால, ஜின்னிங் பேக்டரிக்குப் பின்னாடி. மாமா மில்லில் எந்த ஷிப்ட்டு?